துரை பக்கம், ராஜா பக்கம்

(பெங்களூர் அல்சூர் ஏரிக்கு அருகில் ஒரு ஞாயிறு மாலை நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சர்ச்சைக்குரிய ஒரு சிறு எல்லைப் பகுதியின் பொருளாதாரமும் அன்றாட வாழ்வும் என்று தலைப்பு. அழைப்பிதழைப் பார்த்துவிட்டு என்னோடு வேலை பார்த்த பழைய ஆசிரியர் ஒருவர் போன் செய்தார். "எந்த ஊரைப் பத்திப் பேசப் போறீங்க? பெல்காமா, கச்சத்தீவா?" என்றார். "கமர்ஷியல் ஸ்ட்ரீட்" என்றேன். அவர் சிரித்தார், இப்போது நீங்களும் சிரிக்கிறீர்கள். ஆனால் நாம் உட்கார்ந்திருக்கும் இந்த இடம் 1881 முதல் 1947 வரை மைசூர் மகாராஜாவின் ஆட்சியில் இல்லை. இங்கிருந்து மேற்கே ஒரு மணி நேரம் நடந்தால் மகாராஜாவின் மண். நடுவில் வேலி கிடையாது, முள்கம்பி கிடையாது. ஒரு பூங்கா இருந்தது, அவ்வளவுதான்.

வரலாற்றைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், பலருக்குத் தெரிந்ததுதான். 1799இல் திப்பு விழுந்தார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தங்கிய ஆங்கிலேயப் படையைக் கொசு விரட்டியது. 1809இல் படை அல்சூர்ப் பக்கம் வந்து கூடாரம் அடித்தது. 1831இல் மைசூர் நிர்வாகத்தையே ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டார்கள். ஐம்பது வருஷம் கழித்து, 1881 மார்ச் 25 அன்று, சாமராஜேந்திர உடையாரிடம் ராஜ்யத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். கொடுக்கும்போது ஒரு துண்டை மட்டும் தங்கள் கையில் வைத்துக்கொண்டார்கள். சுமார் 13 சதுர மைல். அதற்கு 'சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன்' என்று பெயர். மைசூர் அரசு வாடகையில்லாமல் ஒதுக்கிக் கொடுத்த நிலம். அதற்குள் மைசூர்ச் சட்டம் செல்லாது, பிரிட்டிஷ் இந்தியச் சட்டம்தான். ஆளுவது ரெசிடெண்ட் எனப்பட்ட பிரிட்டிஷ் பிரதிநிதி. அவர் இருந்த மாளிகைதான் இன்றைய ராஜ்பவன்.

மக்கள் இந்த நீட்டிய பெயரை எங்கே சொன்னார்கள்? கன்னடத்தில் 'தண்டு' என்றார்கள், அதாவது படை. நம் தமிழிலும் தண்டு என்றால் படைதான், தண்டநாயகன் என்கிறோமே. சிவாஜிநகரில் தண்டு மாரியம்மன் இருக்கிறாள். கோயம்புத்தூர்க்காரர்களைக் கேட்டால் அங்கேயும் ஒரு தண்டு மாரியம்மன் உண்டு என்பார்கள். படை எங்கே போனாலும் பின்னாலேயே அம்மனும் போயிருக்கிறாள். அம்மனுக்குப் பின்னால் பூக்காரி, பூக்காரிக்குப் பின்னால் நாம்.

எங்கள் வீட்டில் 'தண்டு' என்ற சொல்லும் அவ்வளவாகப் புழங்கவில்லை. என் பாட்டிக்கு இந்த ஊர் இரண்டே பக்கம்தான்: துரை பக்கம், ராஜா பக்கம். தீபாவளிக்குப் புடவை எடுக்கச் சிக்பேட்டைக்குக் கிளம்பும்போது, "ராஜா பக்கம் போயிட்டு வரேன்" என்பாள். அவள் அப்படிச் சொன்னது 1970களில். ராஜாவும் இல்லை, துரையும் இல்லை. கோடு மட்டும் அவள் நாக்கில் இருந்தது.

அந்தக் கோட்டை இன்றும் நடந்து பார்க்கலாம். கப்பன் பூங்காவின் கிழக்கு ஓரத்தில் விக்டோரியா மகாராணி நிற்கிறாள், 1906இல் வைத்த சிலை. தண்டும் பேட்டையும், அதாவது ராஜா பக்கத்துப் பழைய நகரமும், சந்திக்கிற இடத்துக்கு அடையாளமாக அந்தச் சிலையைச் சொல்வது இந்த ஊர் வழக்கம். அதே பூங்காவுக்குள் கொஞ்ச தூரம் நடந்தால் சேஷாத்ரி ஐயர் நிற்கிறார். 1883 முதல் 1901 வரை மைசூர் திவான், பாலக்காட்டுக்காரர். அவருக்கு முன் திவானாக இருந்த ரங்காசார்லு செங்கல்பட்டுப் பக்கம். ஆக, கோட்டுக்கு இந்தப் பக்கம் குதிரைக்குப் புல் வெட்டியது தமிழன், அந்தப் பக்கம் ராஜ்யத்தின் கணக்கைப் பார்த்ததும் மதராஸிலிருந்து போன ஆள். 'மைசூர் மைசூர்காரருக்கே' என்று அந்தப் பக்கம் எழுந்த குரல் இந்த மதராஸ் அதிகாரிகளுக்கு எதிராகத்தான் முதலில் எழுந்தது. புல்லுக்கட்டுக்காரனை யாரும் பொருட்படுத்தவில்லை. அவனும் அவர்களைப் பொருட்படுத்தவில்லை, ஏனென்றால் அவனுக்குக் கூலி வந்த திசை வேறு.

இந்தப் பேச்சில் எனக்குச் சொல்ல இருப்பது இதுதான். எல்லைப் பகுதி என்றால் நாம் உடனே கொடியைப் பார்க்கிறோம், மொழியைப் பார்க்கிறோம், விசுவாசத்தைப் பார்க்கிறோம். அங்கே குடியிருப்பவன் பார்ப்பது ஒன்றாம் தேதியை. சம்பளம் எந்தக் கையிலிருந்து வருகிறது, அந்தக் கை போனால் எந்தக் கை. தண்டு கதையில் இதைத் தவிர வேறு எதைப் பிடித்தாலும் நூல் அறுந்துவிடுகிறது.

சம்பளம் என்றதும் சர்ச்சில் கதைக்கு வருகிறேன். 1896இல் நாலாவது ஹுசார்ஸ் குதிரைப்படையோடு இளம் அதிகாரியாக இங்கே வந்தார். அவர் கிளப்பில் 13 ரூபாய் பாக்கி வைத்துப் போனதை இந்த ஊரில் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அந்த 13 ரூபாய் முக்கியமில்லை. அவர் தன் இளமைக்காலத்தைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இங்கே நடத்திய குடித்தனத்தின் கணக்கைக் கொடுக்கிறார். மூன்று அதிகாரிகள் சேர்ந்து ஒரு பங்களா. ஆளுக்கொரு பட்லர், ஆளுக்கு இரண்டு உடுத்திவிடும் பையன்கள், குதிரைக்கொரு சைஸ், அதாவது குதிரைக்காரன். மூன்று பேருக்கும் பொதுவில் இரண்டு தோட்டக்காரர், மூன்று தண்ணீர்க்காரர், நாலு வண்ணார், ஒரு காவலாள். கூட்டிப் பாருங்கள். குதிரைக்காரர்களை விட்டுவிட்டாலும் பத்தொன்பது பேர். இருபதுகளில் இருந்த பையன்கள் மூன்று பேருக்குப் பத்தொன்பது குடும்பம்! இதுதான் தண்டின் பொருளாதாரம். அது எதையும் விளைவிக்கவில்லை, எதையும் வெட்டி எடுக்கவில்லை. இந்திய வரிப்பணத்திலிருந்து ஒரு சம்பளம் வந்து விழும். அது சமையலறை, லாயம், துறை, கடை என்று வழிந்து சூளைக்கும் பிளாக்பள்ளிக்கும் அல்சூருக்கும் போய்ச் சேரும்.

சூளை என்ற பெயரே ஒரு கணக்குதான். பங்களா கட்டச் செங்கல் வேண்டும், செங்கலுக்குச் சூளை வேண்டும், சூளைக்கு ஆள் வேண்டும். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் ஆள் வந்தது. டேனரி ரோடு அப்படித்தான். பூட்ஸுக்கும் சேணத்துக்கும் தோல். 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் வந்தபிறகு வருவது இன்னும் சுலபமாயிற்று. அந்த ரயில் முதலில் வந்து நின்றது தண்டில்தான், பேட்டையில் இல்லை. அதனால்தான் இன்றும் கன்டோன்மென்ட் ஸ்டேஷன் என்ற பெயர் இருக்கிறது.

எல்லோரும் புல்லுக்கட்டோடு நின்றுவிடவில்லை. ஆர்க்காடு நாராயணசாமி முதலியாரை எடுத்துக்கொள்ளுங்கள். வறுமையில் வந்தவர், காண்ட்ராக்டில் வளர்ந்தார். இன்று உயர்நீதிமன்றம் இருக்கிற சிவப்புக் கட்டடத்தைக் கட்டிய காண்ட்ராக்டர் அவர்தான். 1873இல் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். அந்தக் கல்வி நிலையங்கள் இன்றும் நடக்கின்றன. தண்டில் பெரிய மனிதர் ஆவதற்கு நிலம் வேண்டியதில்லை, ஒரு நல்ல காண்ட்ராக்ட் போதும். நிலத்தை நம்பிய சாதி அமைப்பில் பிறந்த மனிதனுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று யோசித்துப் பாருங்கள். ஊரில் செருப்புப் போட்டு நடக்க முடியாதவன் இங்கே சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியியல் படையில் சேர்ந்து பூட்ஸ் போட்டான். மதராஸ் சாப்பர்ஸ் சிப்பாய்க்கு அன்றும் இன்றும் செல்லப் பெயர் 'தம்பி'. ராணுவ ஏடுகளிலேயே அப்படித்தான் எழுதுகிறார்கள். (சாப்பர்ஸ் பேச்சு வந்ததால் ஒன்று. முள்கம்பி வேலியைத் தகர்க்க உலகம் முழுதும் படைகள் பயன்படுத்திய குழாய் வெடிக்கு 'பெங்களூர் டார்பிடோ' என்று பெயர். 1912இல் இங்கே இருந்த சாப்பர்ஸ் அதிகாரி மெக்ளின்டாக் கண்டுபிடித்தது. வேலியே இல்லாத எல்லையில் உட்கார்ந்து வேலி உடைக்கும் கருவி செய்திருக்கிறார்கள்.)

இரண்டு ஆட்சி என்றால் எல்லாமே இரண்டு. 1862இலேயே இரண்டு நகரசபை. தண்டுக்கு பவுரிங் ஆஸ்பத்திரி, பேட்டைக்கு விக்டோரியா ஆஸ்பத்திரி. இங்கே ரஸ்ஸல் மார்க்கெட், அங்கே கே.ஆர். மார்க்கெட். இங்கே துரைமார் கிளப், அங்கே விசுவேசுவரய்யா 1917இல் தொடங்கிவைத்த செஞ்சுரி கிளப். இரண்டு போலீஸ். பேட்டையில் கைவரிசை காட்டியவன் பூங்காவைத் தாண்டிவிட்டால் அயல் ஆட்சிக்குள் வந்துவிட்டான். அவனைப் பிடித்துப் போக மைசூர்க்காரர்கள் ரெசிடென்சி வழியாக வர வேண்டும். தபால் மட்டும் 1889க்குப் பிறகு ஒன்றாகிவிட்டது. மைசூர் தன்னுடைய பழைய அஞ்சே தபாலை இந்திய அஞ்சலோடு சேர்த்துவிட்டது. திருடனுக்கு எல்லை உண்டு, கடிதத்துக்கு இல்லை.

தண்ணீருக்கும் இல்லை. தண்டு குடிப்பதற்கென்று 1882இல் சாங்கி ஏரி வெட்டினார்கள், போதவில்லை. பிறகு ஹெசரகட்டாவில் அர்க்காவதியைத் தேக்கி, 1890களின் நடுவில் குழாயில் கொண்டுவந்தார்கள். அது மைசூர் மண்ணில் விழுந்த மழை. மின்சாரமும் அப்படியே, சிவனசமுத்திரத்து மின்சாரம் 1902இல் கோலார் தங்கவயலுக்குப் போனது, 1905இல் பேட்டை வீதியில் விளக்கு எரிந்தது, தண்டுக்கும் அந்த அருவியிலிருந்துதான் வர வேண்டியிருந்தது. காய்கறியும் அந்தப் பக்கம்தான். முட்டைக்கோசும் காரட்டும் திகளர் தோட்டங்களில் விளைந்து துரைமார் மேஜைக்கு வந்தன. திகளர் யார்? பேட்டையில் கரகம் எடுக்கிறவர்கள். கன்னடத்தில் தமிழரைக் குறிக்கும் பழைய சொல்லே 'திகளர்' என்பதுதான். அங்கே திகளர்பேட்டையில் தர்மராயர் கோயில். இங்கே சிவாஜிநகரில் தர்மராஜா கோயில் தெரு. ஒரே பாண்டவர்கள்தான், இரண்டு ஆட்சியில் குடியிருந்தார்கள்.

ஆக, குடிக்கிற தண்ணீரும் எரிகிற விளக்கும் தின்கிற காயும் ராஜா பக்கத்திலிருந்து வந்தன. இருந்தும் தண்டுக்காரன் தன்னை ராஜாவின் குடி என்று ஒரு நாளும் நினைக்கவில்லை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் கண்ணில் படுவதில்லை. கூலி கொடுக்கிற கை கண்ணில் படும்.

என் தாத்தா பட்லர். ரிச்மண்ட் டவுனில் தொடங்கி ஐந்தாறு பங்களாக்களில் வேலை பார்த்தவர். அவரிடம் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதில் நகை இல்லை, பத்திரம் இல்லை. பதினொரு சிட்டு இருந்தது. சிட்டு என்றால், வேலையை விட்டு நிற்கும்போதோ துரை மாற்றலாகிப் போகும்போதோ எழுதிக் கொடுக்கும் நற்சான்றுக் கடிதம். ஆள் நாணயமானவன், சூப் நன்றாக வைப்பான், குடிக்க மாட்டான் என்று நாலு வரி இருக்கும். அடுத்த பங்களாவில் போய் நீட்டினால் அதைப் பார்த்துத்தான் வேலை. தாத்தாவுக்கு ஆங்கிலம் பேச வரும். பட்லர் இங்கிலீஷ் என்று கேலி செய்கிறோமே, அதுதான். அதிலே ஒரு குடும்பத்தையே கரையேற்றினார். படிக்க வராது. அதனால் எந்தச் சிட்டில் என்ன இருக்கிறது என்பதைக் காகிதத்தின் நிறத்தை வைத்து ஞாபகம் வைத்திருந்தார். நீலம் கர்னல் கொடுத்தது. ஓரம் கிழிந்தது பாதிரியார் வீட்டம்மா. மை பரவியது போர்க் காலத்து மேஜர்.

நான் சிறுவனாக இருந்தபோது அவற்றைப் படித்துக் காட்டச் சொல்வார். ஒன்றில் 'கணக்கில் சற்றுத் தாராளமானவன்' என்பது போல ஒரு வரி. நான் திணறினேன். "என்னடா?" என்றார். "தாராள மனசுன்னு போட்டிருக்கு தாத்தா" என்றேன். "அந்தம்மா எப்பவும் அப்பிடித்தான், நல்ல மாதிரி" என்றார். முப்பது வருஷம் அதை நீட்டித்தான் வேலை வாங்கியிருக்கிறார். வாங்கிப் பார்த்த துரைகளும் ஒன்றும் சொல்லவில்லை. மார்க்கெட் கணக்கில் கொஞ்சம் கைவைப்பது எழுதாத சம்பளம் என்று இரண்டு தரப்புக்கும் தெரியும்.

அந்தச் சிட்டுதான் தண்டின் உண்மையான நாணயம் என்று எனக்குப் படுகிறது. பூங்காவுக்கு அந்தப் பக்கம் அது செல்லாது. பேட்டையில் ஒரு செட்டியார் கடையில் போய் நீட்டினால் மிளகாய் மடித்துக் கொடுப்பார்.

1898இல் பிளேக் வந்தது. ஆகஸ்டில் தொடங்கியது, இரண்டு பக்கமும் வீடுகளைக் காலி செய்து, வெளியே கொட்டகை போட்டு மக்களைத் தங்கவைத்தார்கள். 1891 கணக்கெடுப்பில் தண்டின் மக்கள் தொகை 1,00,081. பத்து வருஷம் கழித்து 89,599. பேட்டை 80,285இலிருந்து 69,447ஆக இறங்கியது. எலி எந்த ரெசிடெண்டிடமும் அனுமதி கேட்கவில்லை. நோய் ஓய்ந்தபின் இங்கே பிரேசர் டவுன் எழுந்தது, 1910இல். ஸ்டீபன்ஸ் என்ற நகரசபைப் பொறியாளர் எலி புகாத வீடு எப்படிக் கட்டுவது என்று ஒரு புத்தகமே எழுதினார். அந்தப் பக்கம் பசவனகுடியும் மல்லேஸ்வரமும் விரிந்தன. ஒரே நோய்க்கு இரண்டு நகரம் தனித்தனியாக மருந்து சாப்பிட்ட கதை.

இப்போது சர்ச்சைக்கு வருவோம். மைசூரின் மனக்குறை நியாயமானது. தன் நிர்வாகத் தலைநகரின் பாதி, 1901 கணக்குப்படி பாதிக்கும் மேல், தன் ஆட்சியில் இல்லை. அதோடு ஆண்டுதோறும் ஆங்கிலேய அரசுக்குக் கப்பம் கட்ட வேண்டும். இருபத்தி நாலரை லட்சமாக இருந்ததை 1881 ஏற்பாட்டில் 35 லட்சமாக்கினார்கள். இடத்தையும் கொடுத்து, பணத்தையும் கொடுத்து, தண்ணீரையும் கொடுக்க வேண்டும். எந்த வீட்டுக்காரன் பொறுப்பான்? திவான் மிர்சா இஸ்மாயில் 1926இல் பொறுப்பேற்றபின், தண்டைத் திருப்பிக் கொடுங்கள் என்ற கோரிக்கை வலுத்தது. 1933இல், வில்லிங்டன் வைஸ்ராயாக இருந்தபோது, பிரிட்டிஷ் தரப்பு கொள்கையளவில் ஒப்புக்கொண்டது.

எதிர்த்தது யார்? இங்கேதான் நம்மவர்கள் கொஞ்சம் தலையைக் குனிந்துகொள்கிறோம். எதிர்த்தது தண்டுக்காரர்கள். ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும் மட்டுமல்ல, முதலியார்களும் முஸ்லிம் வியாபாரிகளும் சேர்ந்துதான். உப்புச் சத்தியாக்கிரகம் முடிந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை. நாடு முழுக்க வெள்ளையனே வெளியேறு என்கிற திசையில் போய்க்கொண்டிருக்க, பெங்களூர்த் தமிழன் வெள்ளையனே இரு என்று மனுக் கொடுத்தான் என்று பிற்காலத்தில் கன்னட நண்பர்கள் குத்திக் காட்டுவதுண்டு. என்னிடமே ஒரு மேடையில் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொன்னது, இப்போது உங்களுக்கும்: அது விசுவாச மனு இல்லை, வயிற்று மனு. நாளைக்கு அரசு வேலை என்றால் மைசூர்க்காரனா என்று கேட்பார்கள். கச்சேரியில் கன்னடம் கேட்பார்கள். பட்டாளம் போனால் அந்தப் பத்தொன்பது குடும்பம் என்ன செய்யும்? இந்தக் கேள்விக்கு மிர்சா இஸ்மாயிலிடம் பூச்செடியும் அழகான வட்டச் சாலையும் இருந்தன, பதில் இல்லை.

இந்த வயிற்றுக் கணக்கு நமக்கு மட்டும் உரியதில்லை. ஜிப்ரால்டரைப் பாருங்கள். ஏழு சதுர கிலோமீட்டர்கூட இல்லாத பாறை. கப்பல் துறையும் கடற்படையும்தான் அன்று பிழைப்பு. 1967இல் வாக்கெடுப்பு வைத்தார்கள். பிரிட்டனோடு இருக்க 12,138 பேர், ஸ்பெயினுக்குப் போக 44 பேர். கோபத்தில், ஸ்பெயினை ஆண்ட பிராங்கோ 1969இல் எல்லையை மூடினார். அடிபட்டது யார்? பக்கத்து ஸ்பானிய ஊரான லா லினியாவிலிருந்து தினமும் வேலைக்குப் போய்வந்த தொழிலாளிகள். நமக்கு இன்னும் பக்கத்தில் புதுச்சேரி இருக்கிறது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள்; 170 பேர் இந்தியாவோடு சேர, 8 பேர் வேண்டாம். அந்த எட்டுப் பேரை நான் எப்போதும் நினைத்துக்கொள்வேன். அவர்களுக்கு என்ன கணக்கோ! எப்படியானாலும் அங்கே கேட்டார்கள். தண்டில் யாரும் யாரையும் கேட்கவில்லை.

1933இல் ஒப்புக்கொண்டது 1947 வரை இழுத்தது. சமஸ்தானங்களைச் சேர்த்துக் கூட்டாட்சி என்று ஒரு பேச்சு நடந்தது; பிறகு போர் வந்தது. போர் தண்டுக்குப் பொற்காலம். ஊர் முழுக்கப் பட்டாளம். சோல்ஜர்கள், சினிமாக் கொட்டகைகள், தையற்கடைகள். மதுவுக்கும் குறைவில்லை. பக்கத்து ஓசூர் அப்போது சேலம் மாவட்டம். 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்துவிட்டார். ஓசூர் உலர்ந்து கிடந்தது, அத்திப்பள்ளி தாண்டினால் ஈரம். அங்கிருந்து 'மாமியார் வீட்டுக்கு' வந்துபோகிறவர்கள் அதிகமானார்கள் என்பாள் பாட்டி.

இந்தப் பொற்காலத்துக்கு முன்பிருந்தே அடியில் கணக்கு மாறிக்கொண்டிருந்தது, தண்டுக்காரர்கள் கவனிக்கவில்லை. ராஜா பக்கம் மில் வந்தது, சோப்பு பாக்டரி வந்தது, மைசூர் பேங்க் வந்தது; 1940இல் விமானத் தொழிற்சாலை. 1901இல் தண்டுதான் பெரிசு. 1941 கணக்கெடுப்பில் தண்டு 1,58,426, பேட்டை 2,48,334. ஒன்றாம் தேதி இடம் மாறிவிட்டது. அதனால்தான், கடைசியில் கைமாறும்போது, 1930களில் எழுந்த சத்தத்தில் கால் பங்குகூட எழவில்லை என்று நினைக்கிறேன்.

1947 ஜூலை 26. சுதந்திரத்துக்கு மூன்று வாரம் முன்பு தண்டு மைசூரிடம் வந்தது. இதே அல்சூரில் அப்போது குடியிருந்த ஒரு மனிதனை நினைத்துப் பாருங்கள். ஜூலை 25ஆம் தேதி அவன் தூங்கப்போனது ரெசிடெண்டின் ஆட்சியில். மறுநாள் மகாராஜாவின் குடி. ஆகஸ்ட் 15இல் சுதந்திர இந்தியாவில் சேர்ந்த ஒரு சமஸ்தானத்துக்காரன். செப்டம்பரில் மக்களாட்சி கேட்டு 'மைசூர் சலோ' போராட்டம், கடையடைப்பு. அக்டோபர் கடைசியில் கே.சி. ரெட்டி தலைமையில் மக்கள் அமைச்சரவை. மூன்றே மாதத்தில் இத்தனை ஆட்சி பார்த்தான், வாசல் திண்ணையைவிட்டு இறங்காமலே. 1949இல் இரண்டு நகரசபையும் சேர்ந்து ஒரே மாநகராட்சி ஆனது. சவுத் பரேடு மகாத்மா காந்தி ரோடானது. பிளாக்பள்ளி சிவாஜிநகரானது. பிற்பாடு காவல்ரி ரோடு காமராஜ் ரோடானது. குதிரைப்படை இறங்கி விருதுநகர்க்காரர் ஏறினார்.

தாத்தாவின் பதினொன்றாவது சிட்டு 1947 செப்டம்பரில் எழுதியது. கப்பலேறும் அவசரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறார் வேறொரு மேஜர். எந்த வீட்டுக்கும் இவன் பயன்படுவான் என்று ஒரு வரி. அப்படிப்பட்ட வீடுகளெல்லாம் அந்த மாதமே சாமான் கட்டிக்கொண்டிருந்தன. பழைய பங்களாக்களில் குடிவந்த நம்மவர்களுக்கு சூப் வேண்டியிருக்கவில்லை. ஒன்றரை வருஷம் வேலையில்லாமல் இருந்துவிட்டு, தாத்தா ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சேர்ந்தார். அங்கே சிட்டை யாரும் கேட்கவில்லை. கன்னடம் வருமா என்று கேட்டார்கள்.

அப்போது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. பிறந்தது அல்சூர், வளர்ந்தது அல்சூர். அவருடைய அப்பாவும் இங்கேயே பிறந்தவர். கன்னடம் தெரியாது! இதை இந்த மேடையில் நான் மறைக்க விரும்பவில்லை. 1809இலிருந்து கணக்கிட்டால் 138 வருஷம். அத்தனை வருஷத்தில் கன்னடம் தெரிந்தால்தான் சோறு என்ற நிலை ஒரு நாளும் எங்களுக்கு வரவில்லை. துரையோடு இங்கிலீஷ், கடையில் உருது, வீட்டில் தமிழ், சாமியிடமும் தமிழ். நாம் திமிரில் கற்காமல் இருந்தோம் என்று அவர்கள் நினைக்கிறார்கள். நாமோ, விரட்டப் பார்க்கிறார்கள் என்று நினைக்கிறோம். இரண்டுமே பாதிதான். பட்டாளத்தின் சம்பளப் பட்டியல் நமக்குச் சுற்றிலும் ஒரு சுவர் கட்டியிருந்தது. உள்ளே கதகதப்பாக இருந்ததால் அது சுவர் என்று நமக்குத் தெரியவில்லை. தாத்தா கற்றுக்கொண்ட முதல் கன்னட வாக்கியம் 'ஊட்டா ஆய்த்தா?' சாப்பாடு ஆயிற்றா. கேன்டீன்காரருக்கு அதைவிட என்ன வேண்டும். சாகும்வரை அந்த உச்சரிப்பைக் கேட்டுப் பாட்டி சிரித்துக்கொண்டே இருந்தாள்.

பின்னால் நடந்ததில் கசப்பும் உண்டு, உங்களுக்குத் தெரியும். 1991 டிசம்பரின் காவிரிக் கலவரத்தைப் பார்த்தவர்கள் இந்த அவையில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நான் அதை விவரிக்கப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். இதோ, பக்கத்தில் ஏரிக்கரையில் உட்கார்ந்திருக்கும் வள்ளுவர். அந்த வருஷம் வைத்த சிலை, திறக்க முடியாமல் பதினெட்டு வருஷம் மூடிக் கிடந்தது. நான் தினமும் அந்த வழியாகத்தான் பள்ளிக்கூடம் போவேன். மழையில் சுற்றியிருந்த துணி நைந்துவிடும், வேறு சுற்றுவார்கள். ஒரு வருஷம் நீலப் பிளாஸ்டிக் தாள், ஒரு வருஷம் சாக்கு. பிள்ளைகள் கேட்பார்கள், "சார், உள்ளே யாரு?" 2009 ஆகஸ்ட் 9 அன்று கருணாநிதியும் எடியூரப்பாவும் மேடையில் இருக்க, அது திறக்கப்பட்டது, நாலு நாள் கழித்துச் சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை. அந்தத் திறப்பு விழாவில் எனக்குப் பக்கத்தில் நின்றிருந்த போலீஸ்காரர், நல்ல கன்னடக்காரர், தொப்பியைச் சரிசெய்துகொண்டே, "தாடி நம்ம சர்வக்ஞனுக்கு இருக்கிற மாதிரியே இருக்கே சார்" என்றார். கன்னடத்தில்தான் சொன்னார். நானும் கன்னடத்தில், சர்வக்ஞருடைய தாடிதான் கொஞ்சம் சின்னது என்றேன்.

கோடு இன்னும் எங்கே இருக்கிறது என்று கேட்டால், தெருப் பெயரைப் பாருங்கள். பூங்காவுக்கு இந்தப் பக்கம் மீனாட்சி கோயில் தெரு, தர்மராஜா கோயில் தெரு, வீரப்பிள்ளை தெரு. ஆங்கில எழுத்தில் 'கோயில்' என்றே எழுதியிருக்கும். அந்தப் பக்கம் 'கோயில்' என்ற சொல் கிடையாது, கன்னடத்து 'குடி'யும் 'தேவஸ்தான'மும்தான். சித்திரையில் அங்கே கரகம், இங்கே சோமேஸ்வரருக்குப் பூப்பல்லக்கு. பஸ்ஸையும் பாருங்கள். தண்டுக்காரர்களுக்கு எல்லா பஸ்ஸும் சிவாஜிநகரிலிருந்து புறப்படும், மற்றவர்களுக்கு மெஜஸ்டிக். ஒரே ஊரில் இரண்டு நடுவம் எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் குழம்புகிறார்கள்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். சிவாஜிநகர் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் இப்போதே எழுந்துகொள்ளலாம், நான் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டேன். மெஜஸ்டிக் போகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது. ஏதாவது கேள்வி இருந்தால் கேளுங்கள், கன்னடத்தில் கேட்டாலும் சரி.